பாய்மரப் படகுப் பயிற்சிச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பெற்றோர்களே, வணக்கம்.

வசதியுள்ளவர்களின் விளையாட்டை மீனவர் குப்பத்துப் பிள்ளைகளுக்கு ஏன் கற்றுத்தர வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் ஓர் உறுப்பினர் கேட்டதை மனத்தில் வைத்தே இவ்வறிக்கையை எழுதியிருக்கிறேன்.

இவ்வாண்டும் பயிற்சி ஆப்டிமிஸ்ட் படகுகளில் நடைபெற்றது. 1947இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர், குறைந்த செலவில் ஒட்டுப்பலகையால் செய்துகொள்ளும்படி சிறுவர்களுக்கென்றே வடிவமைத்த படகு அது. ஒரு கையில் சுக்கான் பிடியும் மறு கையில் பாய்க்கயிறுமாகப் பிள்ளை அதில் தனியே அமர்கிறது. காற்று திசை மாறினால் செய்ய வேண்டியதை அந்த நொடியிலேயே தானாக முடிவு செய்தாக வேண்டும். வீட்டிலும் பள்ளியிலும் பத்து வயதில் அப்படியொரு வாய்ப்பை நாம் தருவதில்லை என்பதே என் கருத்து.

பிப்ரவரியில் நடந்த பயிற்சிப் போட்டியில் முன்னணியில் சென்ற சிறுமியின் படகு திருப்புமிதவையை உரசிவிட்டது. நடுவர் படகு தொலைவில் இருந்ததால் எவரும் கவனிக்கவில்லை. மிதவையைத் தொட்டவர் தாமே ஒரு முழுவட்டம் சுற்றிவிட்டுத் தொடர வேண்டும் என்ற விதிப்படி அவள் சுற்றினாள், நான்காவதாக வந்தாள். காரணத்தைக் கரையேறிய பின் அவள் சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம்.

செவித்திறன் குறைந்த மாணவர்களைச் சேர்க்கப் பயிற்றுநர்கள் தொடக்கத்தில் தயங்கினார்கள். ஆனால் போட்டித் தொடக்கத்துக்கான நேரத்தைக் கொடிகளைப் பார்த்தே கணக்கிட வேண்டும், ஒலிக்குறி எழாமற்போனாலும் பொருட்படுத்தக் கூடாது என்று பன்னாட்டு விதிகளே கூறுகின்றன. ஆகவே அம்மாணவர்களுக்காகப் போட்டியில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

இயந்திரப் படகுகள் வந்த பின், பாய் விரித்துக் கட்டுமரம் ஓட்டிய பெரியவர்களின் காற்றறிவைக் கேட்பார் இல்லாமற்போயிருந்தது. வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுகளைப் பற்றித் தாத்தாக்களிடம் கேட்டுவந்ததை, அடுக்குமாடிக் குடியிருப்புகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்குக் குப்பத்துப் பிள்ளைகள் சொல்லிக்கொடுத்தார்கள். வகுப்பில் கடைசி வரிசையில் அமரும் சிறுவன் இங்கே ஆசிரியனாக நின்றதை நான் பலமுறை பார்த்தேன். சென்ற ஆண்டுக் கேள்விக்கு என் விடை அதுவே.

மீனவக் குடும்பத்துப் பெண்பிள்ளைகளைச் சேர்ப்பதில் நாம் இன்னும் பின்தங்கியே இருக்கிறோம். ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண், 2021இல் அதைச் சாதித்த சென்னையின் நேத்ரா குமணன் என்று வீடு வீடாகச் சென்று எடுத்துரைத்தோம். தாய்மார்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஈர உடை மாற்ற மறைவிடம் உண்டா என்று வினவினார்கள். நம்மிடம் இல்லை.

ஆதலால், வரும் கோடை முகாமுக்கு முன் உடைமாற்றும் அறை கட்டவும், பயிற்றுநர்கள் சைகைமொழி கற்கவும் நிதி ஒதுக்க வேண்டுமென்ற தீர்மானத்தை இப்பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் சமர்ப்பிப்பார்.

பணிவுடன்,
செயலாளர்