கைக்குழந்தைகளின் விபத்து மரணங்களைத் தடுக்க, செவிலியர் வீடு சென்று பார்க்கும்போது பாதுகாப்புச் சோதனையைச் சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்: ஓய்வுபெற்ற சமுதாய நலச் செவிலியர்
பெறுநர்: பொது சுகாதாரத் துறை இயக்குநர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பிரசவித்த தாய்மாரை வீடு தேடிச் சென்று பார்க்கும் பணியில் நெடுங்காலம் இருந்தவள் என்ற முறையில் இம்மனுவை அளிக்கிறேன். செவிலியர் குழந்தையை எடை போடுகிறார், தொப்புளைப் பார்க்கிறார், அடுத்த தடுப்பூசித் தேதியை அட்டையில் எழுதிவிட்டுக் கிளம்புகிறார். குழந்தை எங்கே, எப்படிப் படுக்கிறது என்று எழுத அட்டையில் இடமில்லை. அதனால் நானும் பல ஆண்டுகள் அதைக் கேட்டதில்லை.

குப்புறப் படுக்கவைத்தல், தலையணை, தடித்த போர்வை, மெத்தைக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடுக்கு, குழந்தையை மார்மேல் போட்டபடி பெரியவர் சோபாவில் கண்ணயர்தல் ஆகியவை மூச்சடைப்புக்கு வழிவகுப்பவை; முதல் சில மாதங்களில் முகத்தை மூடிய துணியை விலக்கக் குழந்தைக்குத் திறன் இருப்பதில்லை. பிடித்து எழுந்து நிற்கப் பழகியதும் ஆபத்து வாளிக்கு மாறுகிறது. உடலோடு ஒப்பிட்டால் தலை கனமானது என்பதால், எட்டிப் பார்த்துத் தலைகீழாகச் சரியும் குழந்தை சில அங்குலத் தண்ணீரிலும் மூழ்கிவிடும், பெரும்பாலும் சத்தமே வராமல்.

வெளியே சொல்லத் தயங்கும் மரணக் காரணம் ஒன்றும் உண்டு. பிறந்து 6 முதல் 8 வாரங்களில் அழுகை உச்சத்தை எட்டுகிறது. தூக்கமிழந்து பொறுமை தீர்ந்தவர் குழந்தையைப் பிடித்து உலுக்கினால் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு உயிரே போகலாம். குழந்தையைப் பத்திரமாகப் படுக்கவைத்துவிட்டுச் சில நிமிடம் விலகி நிற்கலாம் என்று அந்த வீட்டாருக்கு முன்கூட்டியே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

மிக இளவயதுத் தாய், அடுத்தடுத்த பிரசவங்கள், பேறுகாலப் பரிசோதனைக்குத் தாமதமாக வருதல், குறைமாதப் பிறப்பு, எடைக்குறைவு ஆகியவை இத்தகைய மரணங்களோடு தொடர்புள்ளவையாக ஆய்வுகளில் காணப்படுகின்றன. இவை யாரையும் குற்றம் சாட்டுவதற்கல்ல, யார் வீட்டுக்கு முதலில் செல்ல வேண்டும் என்று முடிவுசெய்வதற்கே. இவ்விவரங்கள் பேறுகாலப் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்க வேண்டியவை என்பதால், புதிதாகக் கணக்கெடுப்பும் தேவையில்லை.

ஆகவே, அத்தகைய வீடுகளுக்கு 6 வாரம் நிறைவதற்குள் கூடுதலாக ஒருமுறை செல்லவும், படுக்குமிடம், தண்ணீர்ப் பாத்திரம், அழுகை ஆகிய மூன்றையும் கேட்டு எழுத அட்டையில் ஒரு பக்கம் ஒதுக்கவும், இறப்புப் பதிவில் ‘மூச்சுத்திணறல்’ என்பதோடு நிறுத்தாமல் குழந்தை கிடந்த நிலை, படுக்கை, உடன் படுத்திருந்தவர் ஆகிய விவரங்களையும் சேர்க்கவும் உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)