'எரெஸ் தூ' பாடப்போகும் மகளுக்கு

அன்புள்ள கயலுக்கு,

ஸ்பெயினின் பில்பாவோவில் உங்கள் கோரஸ் குழு 'எரெஸ் தூ' ('நீதான்') என்ற ஸ்பானிஷ் பாட்டை எடுத்திருக்கிறது, முதல் சரணத்தை உன்னைத் தனியாகப் பாடச் சொல்லியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். ரொம்பச் சந்தோஷம்மா. அதைப் பாடிப் பிரபலமாக்கிய மொசெதாதெஸ் குழுவே அந்த ஊர்தான். 1886-லிருந்து பெரிய கோரஸ் சங்கம் வைத்திருக்கும் ஊரும் அது. எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பாட்டும் தெரியும், கோரஸ் பாடுவது எப்படி என்பதும் தெரியும். அதனால்தான் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன்.

முதலில் பாட்டின் அமைப்பைப் புரிந்துகொள். நம் சினிமாப் பாட்டில் பல்லவி முதலில் வந்துவிடும், ஜனங்கள் பிடித்துக்கொள்வது அதைத்தான். இதில் இரண்டு சரணம் முடிந்த பிறகுதான் பல்லவி. ஆனால் பாட்டின் பெயரான அந்த இரண்டு சொல் முதல் வரியிலேயே வந்துவிடுகிறது. சரணத்தில் வரிக் கடைசியில், மெல்லிய குரலில், இரண்டு முறை. பல்லவியில் அதே இரண்டு சொல் வரி ஆரம்பத்துக்கு வந்து, முழுக் குரலில், எல்லோரும் சேர்ந்து. சொல் மாறவில்லை, இருக்கும் இடமும் பலமும்தான் மாறுகின்றன. இதை எழுதிய ஹுவான் கார்லோஸ் கால்தெரோன் பாட்டைக் கட்டியிருப்பது இந்த ஒரு உத்தியின் மேல்தான். சரணத்தில் நீ கொஞ்சம் உரக்கப் பாடிவிட்டாலும் பல்லவிக்கு ஏற இடம் இருக்காது. உனக்குக் கொடுத்திருப்பது பாட்டிலேயே சிரமமான பகுதி.

கால்தெரோன் வட ஸ்பெயினின் சாந்தாந்தெர் ஊர்க்காரர், 1938-ல் பிறந்தவர். ஜாஸ் பியானோவிலிருந்து வந்ததால் எந்தக் குரலை எங்கே வைத்தால் கனம் கூடும் என்ற கணக்கு அவருக்கு நன்றாகத் தெரியும். பாட்டை எழுதியதும் மெட்டுப் போட்டதும் அவரே. 1973 ஏப்ரல் 7-ஆம் தேதி லக்ஸம்பர்கில் நடந்த யூரோவிஷன் என்ற நாடுகளுக்கிடையிலான பாட்டுப் போட்டி மேடையில் ஆர்கெஸ்ட்ராவை நடத்தியதும் அவரே. அந்தப் போட்டியில் பாட்டு மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது, மேடையில் ஆறு பேருக்கு மேல் நிற்கக் கூடாது. இரண்டையும் அவர் கச்சிதமாகப் பயன்படுத்திக்கொண்டார். மொசெதாதெஸில் அப்போது சரியாக ஆறு பேர்: இரண்டு பெண்கள், நான்கு ஆண்கள். பின்னணிக் குரலுக்கு வேறு ஆள் தேவைப்படவில்லை. மூன்று நிமிடத்துக்குள் மூன்று சரணமும் பல்லவியும் அடங்க வேண்டும் என்பதால் நீளமான இன்டர்லூடுக்கு இடமே கிடையாது. உங்கள் நடத்துநர் நடுவில் வயலின் தனி ஆவர்த்தனம் சேர்க்கலாம் என்று சொன்னால், மரியாதையாக வேண்டாம் என்று சொல்லிப்பார். பாட்டு தொய்ந்துவிடும்.

முன்னணிக் குரல் அமாயா உரங்காவினுடையது. கனமான, கீழ்ஸ்தாயியில் உட்காரும் குரல். ஸ்கேல் தேர்ந்தெடுக்கும்போது நிறையக் குழுக்கள் தப்புப் பண்ணுவது இங்கேதான். பல்லவியில் மேலே எட்டுகிறதா என்று மட்டும் பார்த்து ஸ்கேலை வைத்துவிடுகிறார்கள். சரணத்தில் குரல் கீழே போய்க் காற்றாகிவிடுகிறது, கிட்டார் ஒன்று வாசித்தாலே பாடுகிறவர் காணாமல் போய்விடுவார். நீ தலைகீழாகச் செய். சரணத்தின் மிகக் கீழான ஸ்வரத்தை மைக் இல்லாமல், பேசுகிற அளவில் பாடிப் பார். எட்டடி தள்ளி நிற்பவருக்குச் சொல் புரிந்தால் அந்த ஸ்கேல் சரி. புரியாவிட்டால் அரை ஸ்வரம், போதாவிட்டால் இன்னொரு அரை ஸ்வரம் ஏற்றச் சொல். பல்லவியில் மேலே கூட இருபது பேர் இருக்கிறார்கள், தாங்கிக்கொள்வார்கள். கீழே நீ ஒருத்திதான்.

இரண்டாவது ஆபத்து ஸ்ருதி இறங்குவது. மெதுவாகப் பாடு என்றதும் மூச்சையும் சேர்த்துக் குறைத்துவிடுவோம். சத்தம் குறையலாம், மூச்சின் அழுத்தம் குறையக் கூடாது. இரண்டு சரணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் பல்லவிக்கு வரும்போது பியானோ ஓரிடத்தில், கோரஸ் ஓரிடத்தில் என்று ஆகிவிடும். ஒத்திகையில் முதல் இரண்டு சரணத்தையும் பக்கவாத்தியமே இல்லாமல் பாடி முடித்து, உடனே பியானோவில் முதல் ஸ்வரத்தைத் தட்டிப் பார். எவ்வளவு இறங்கியிருக்கிறாய் என்று அப்போதே தெரிந்துவிடும். மூச்சை எங்கே எடுப்பது என்பதும் முக்கியம். சரணக் கடைசியில் 'அஸீ, அஸீ' என்று வருகிறதே, அதற்கு முன்னாலேயே நிறைய எடுத்து வைத்துக்கொள். பல்லவிக்குச் சற்று முன்னால் பெரிதாக இழுத்தால் தோள் ஏறும், நுழைவு தாமதமாகும்.

இனி உச்சரிப்பு. தமிழ் பேசும் வாய்க்கு ஸ்பானிஷ் ரொம்ப இணக்கமான பாஷை. 'தூ' என்பதற்கு நம் 'தூண்' என்பதில் வரும் 'தூ'வே போதும். இங்கிலீஷ்காரர்கள் அதில் காற்றை ஊதிக் கெடுப்பார்கள். 'தோதா' என்பதில் முதல் எழுத்து 'தோடு', இரண்டாவது 'அது'வில் வரும் மெல்லிய 'து' மாதிரி. நாம் யோசிக்காமலே சரியாக வந்துவிடும். 'ர' நம் ரகரம்தான். ஆனால் நமக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது. 'எ'யில் தொடங்கும் சொல்லை 'யெ' என்றும், 'ஒ'வில் தொடங்குவதை 'வொ' என்றும் பேசிப் பழகிவிட்டோம். 'எரெஸ்' உன் வாயில் 'யெரெஸ்' என்று வந்தால் அங்கே எல்லோர் காதிலும் உறுத்தும், அதுவும் பாட்டு முழுக்க வருகிற சொல். கண்ணாடி முன்னால் நின்று, நாக்கை அசைக்காமல், தொண்டையிலிருந்து நேராக 'எ' சொல்லிப் பழகு. அப்புறம், 'அஸீ'யில் அழுத்தம் இரண்டாவது எழுத்தில் விழ வேண்டும்.

அடுத்தது உயிரெழுத்துகள் ஒட்டிக்கொள்வது. ஒரு சொல் உயிரில் முடிந்து அடுத்தது உயிரில் தொடங்கினால் ஸ்பானிஷில் இரண்டும் ஒரே அசையாகிவிடும். 'கோமோ', 'உனா' இரண்டும் காகிதத்தில் நான்கு அசை. மெட்டில் 'கோ-மோஉ-னா' என்று மூன்றுதான். 'மி', 'எஸ்பெரான்தா' சேரும்போதும் 'மிஎஸ்' ஒரே அசை. இதைப் பிரித்துப் பாடினால் ஒரு ஸ்வரம் குறையும், நீ தாளத்துக்குப் பின்னால் ஓடுவாய். பாட்டெழுதிய தாளில் இந்த இடங்களிலெல்லாம் பென்சிலால் வில் போல ஒரு கோடு போட்டு வைத்துக்கொள். இன்னொன்று: 'எஸ்பெரான்தா'வில் நாக்கு நுனி பல்லுக்கு இடையில் வர வேண்டும். லத்தீன் அமெரிக்காவில் அங்கே 'ஸ' சொல்வார்கள், அதுவும் அவர்களுக்குச் சரிதான். பில்பாவோவில் நீ ஊர் வழக்கத்தையே பிடித்துக்கொள்.

கோரஸுக்கு வருகிறேன். 'எரெஸ்' கடைசியில் வரும் அந்த 'ஸ்' இருபது பேர் வாயிலிருந்து இருபது நேரத்தில் வந்தால் பாம்பு சீறுகிற மாதிரி இருக்கும். அதற்குத் தீர்வு எளிது. மூன்று பேர் மட்டும் 'ஸ்' சொல்லட்டும், மற்றவர்கள் 'எரெ' என்று நிறுத்திவிட்டு நேராக 'தூ'வுக்குப் போகட்டும். கேட்கிறவர்களுக்கு எல்லோரும் சொன்னது போலவே இருக்கும். அந்த மூன்று பேரையும் நடுவில் நிறுத்த வேண்டும். ஓரத்தில் நின்றால் சத்தம் ஒரு பக்கமாகக் கேட்கும்.

ஆறு பேரில் நான்கு பேர் ஆண்கள் என்றேன் அல்லவா, அந்த விகிதத்தையும் கவனி. அந்தப் பல்லவியின் கனம் அடிக்குரல்களில் இருக்கிறது. உங்கள் குழுவில் பெண்கள்தான் அதிகம் என்றால் எல்லா சொப்ரானோவையும் (உச்சக் குரல் பெண்களையும்) மேல் வரியில் ஏற்ற வேண்டாம். அது முன்னணிக் குரலை மூடிவிடும். பாதிப்பேரை ஆல்டோவுக்கு, அதாவது பெண்களின் கீழ்க்குரல் வரிக்கு, இறக்குவதே நல்லது. பல்லவியில் முன்னணி வரி ஓய்கிற இடத்தில் கோரஸ் பதில் சொல்லும். அந்தப் பதில் ஒரு படி கீழேயே நிற்கட்டும். எல்லோருக்கும் அங்கே குஷி வந்து கத்தத் தோன்றும். முதல் தடவையிலேயே கத்திவிட்டால் கடைசிப் பல்லவிக்கு என்ன மிச்சம் இருக்கும்?

போட்டியில் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். இரண்டாம் இடம். 17 நாடுகள் கலந்துகொண்டன. நாட்டுக்கு இரண்டு நடுவர்கள், ஒருவர் 25 வயது வரை, மற்றவர் அதற்கு மேல். ஒவ்வொருவரும் மற்ற நாட்டுப் பாட்டு ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை போட வேண்டும், பூஜ்யம் போட வழியில்லை. அதனால் எல்லாமே நெருக்கமாக வந்தது. லக்ஸம்பர்குக்காக ஆன்-மரீ தாவீத் பாடிய பாட்டுக்கு 129, ஸ்பெயினுக்கு 125, பிரிட்டனின் கிளிஃப் ரிச்சர்டுக்கு 123. ஒரு பாட்டுக்குக் கிடைக்கக்கூடிய உச்சமே 160. அதில் 125 வாங்கியதைத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வருஷம்தான் எந்த மொழியிலும் பாடலாம் என்று விதியைத் தளர்த்தியிருந்தார்கள். ஃபின்லாந்தும் ஸ்வீடனும் இங்கிலீஷுக்குப் போயின, ஸ்பெயின் தன் மொழியிலேயே நின்றது.

ஒரு குற்றச்சாட்டும் வந்தது, அதையும் நீ தெரிந்திருக்க வேண்டும். 1966-ல் இதே லக்ஸம்பர்க் ஊரில் நடந்த யூரோவிஷனில் யுகோஸ்லாவியாவுக்காக பெர்தா அம்ப்ரோஷ் பாடிய 'ப்ரெஸ் பெஸெத்' பாட்டின் சாயல் இதில் இருக்கிறது என்றார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார், சரணத்தின் ஆரம்பத்திலேயே காதில் படும். போட்டியிலிருந்து இதை விலக்கவில்லை. என்னைக் கேட்டால், சாயல் உண்மைதான், மறைக்கத் தேவையில்லை. ஆனால் இந்தப் பாட்டை நிலைக்க வைத்தது அடங்கிய சரணத்திலிருந்து பல்லவிக்குத் திறக்கிற அந்த அமைப்பு. அது கால்தெரோனின் வேலை.

மேடையை விட்டு இறங்கிய பிறகுதான் பாட்டுக்குப் பெரிய வாழ்வு. பாஸ்க் (பில்பாவோ பகுதியின் சொந்த மொழி), இங்கிலீஷ், ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் என்று மொசெதாதெஸே பல மொழியில் பதிவு செய்தார்கள். இங்கிலீஷில் 'டச் த விண்ட்' என்று பெயர். இருந்தும் 1974-ல் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 9-ஆம் இடம் வரை ஏறியது ஸ்பானிஷ் பாட்டுதான். முழுக்க ஸ்பானிஷில் ஒரு பாட்டு அங்கே முதல் பத்துக்குள் வருவது அன்றைக்கு அபூர்வம். அர்த்தம் தெரியாதவர்களையும் பிடித்தது என்றால் அந்தப் பல்லவி திறக்கும் விதத்துக்குத்தான் அந்தப் பெருமை என்று நான் நம்புகிறேன். யூரோவிஷனின் 50-ஆம் ஆண்டு விழாவை 2005-ல் கொண்டாடியபோது தேர்ந்தெடுத்த 14 பாட்டில் இதுவும் ஒன்று. கால்தெரோன் பிற்பாடு பாடகர் லூயிஸ் மிகேலுக்கு 'லா இன்கொந்திஸியோனால்' எழுதினார். அதிலும் இதே அடக்கமும் திறப்பும் இருக்கும், அவசியம் கேள். 2012-ல் காலமானார்.

பாஸ்க் வடிவத்தின் பெயர் 'ஸு ஸாரா'. ஊர்க்காரர்களுக்காகக் கடைசிச் சரணத்தை அதில் பாடலாமா என்று நடத்துநரிடம் கேட்டுப் பார். அந்த மொழி பேசுபவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தித் தந்தால் மட்டும் செய், இல்லாவிட்டால் வேண்டாம்.

மைக் இருந்தால் சரணத்தில் வாய்க்கு நான்கு விரல் தூரம். பல்லவி வருவதற்கு முன் ஒரு முழம் பின்னால் போய்விடு. சவுண்டுக்காரரிடம், பல்லவியில் உன் மைக்கைக் குறைக்க வேண்டாம், தூரத்தை நீயே பார்த்துக்கொள்வாய் என்று முன்னாலேயே சொல்லிவை. இரண்டு பேரும் குறைத்தால் உன் குரல் யாருக்கும் கேட்காது.

அடுத்த ஒத்திகையை ஹாலின் பின்வரிசையில் போன் வைத்துப் பதிவு செய்து அனுப்பு. இரண்டாவது சரணம் முடியும் இடத்தில் ஸ்ருதி எங்கே நிற்கிறது, 'எ' சுத்தமாக வருகிறதா என்று கேட்டுவிட்டு எழுதுகிறேன். அந்த வாரம் குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா