எங்க 240 மணி நேரத்துல உங்க நேரமும் இருக்கு: ஒரு நன்றி மடல்

அன்பான ஊர்க்காரங்களுக்கு, அக்காமாருக்கு, அண்ணன்மாருக்கு, ஐயாமாருக்கு எல்லாருக்கும் வணக்கம்.

இந்த வருஷத்தோட எங்க பேட்ச் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) முடியுது. வருஷத்துக்கு 120 மணி நேரம், ரெண்டு வருஷத்துக்கு 240, நடுவுல தத்தெடுத்த ஊர்ல ஏழு நாள் முகாம், இவ்வளவும் முடிச்சா சர்டிபிகேட்டுக்கு பேரு போகும். போன வாரம் சார் அந்த வருகை நோட்டை எங்ககிட்ட குடுத்து கூட்டிப் பாக்கச் சொன்னாரு, பக்கம் பக்கமா எங்க பேரு, எங்க ரோல் நம்பர், எங்க கையெழுத்து. ராத்திரி பூரா கடல்ல கெடந்துட்டு வந்து தூங்காம எங்களோட கரையில நடந்த அண்ணனோட மணி நேரம் அதுல எந்தப் பக்கத்துலயும் இல்ல. கடல்பாசி எடுக்கப் போற நல்ல நாள்ல போகாம எங்களுக்காக உக்காந்திருந்த அக்காவோட கூலியும் இல்ல. நாங்க சேவை செஞ்ச ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கீழ இன்னொருத்தரோட மணி நேரம் இருக்கு, அதை எழுத ஒரு நோட்டு இல்ல, அதான் இங்க எழுதுறேன்.

யாரு பேரும் போடல. ஊர்த் தலைவர்கிட்ட கேட்டப்ப "நாங்க செஞ்சது என்னப்பா பெருசு, பேரெல்லாம் வேணாம்"னு சொல்லிட்டாக. அவுக சொன்னா சொன்னதுதான். ஆனா படிக்கிறவங்களுக்கு தங்களைத்தான் சொல்றேன்னு தெரியும்.

முதல்ல ஆமை ராத்திரிங்க. ஜனவரி பொறந்துட்டா பங்குனி ஆமை முட்டை போட கரை ஏற ஆரம்பிச்சுரும், மார்ச் ஏப்ரல் வரைக்கும் ஏறும். வனத்துறையில அனுமதி வாங்கி அவங்க ஆளுங்களோட தனுஷ்கோடி பக்கம் நடக்கப் போனோம் (அனுமதி இல்லாம யாரும் முட்டையைத் தொடக்கூடாது, 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல கடல் ஆமை முதல் அட்டவணைல இருக்கு, தம்பி தங்கச்சிங்க இதை மனசுல வச்சுக்கங்க). எங்களுக்கு நடக்கத் தெரியும், ஆனா மண்ணுல என்ன பாக்கணும்னு தெரியாது. வேட்டைத் தடுப்புக் காவலர் அண்ணன் தான் முத நாளே டார்ச்சை எல்லாம் வாங்கி பையில போட்டுட்டாக, வெளிச்சம் பட்டா ஏறுன ஆமை முட்டை போடாமலே திரும்பிரும், நிலா வெளிச்சத்துல பாத்து பழகுங்கன்னு. அப்புறம் ஏறுன தடம் எது, எறங்குன தடம் எது, ரெண்டுக்கும் நடுவுல மண்ணு கலைஞ்சு கெடக்குற இடம் எது, குச்சியை எறக்கும்போது கைக்கு மண்ணு எங்க மெதுவா குடுக்குது, இதெல்லாம் ஒவ்வொருத்தர் கையையும் புடிச்சு சொல்லிக் குடுத்தாக. பிங்பாங் பந்து சைசுல நூறு முட்டைக்கு மேல ஒரே குழியில இருக்கும். அதை உருட்டாம திருப்பாம எடுத்து, பொரிப்பகத்துல அதே ஆழத்துக்கு குழி தோண்டி வைக்கணும், அதுக்கப்புறம் 45 நாள்ல இருந்து 60 நாள் வரைக்கும் காத்திருக்கணும். மண்ணு ரொம்ப சூடா இருந்தா பொட்டைக் குஞ்சு அதிகமா வரும், குளுந்தா கெடா அதிகமா வரும், மேல நெழல் வலை கட்டி சூட்டைக் கொறைக்கிறது எதுக்குன்னு நான் கேட்டதுக்கு அந்த அண்ணன் சொன்ன பதில் இது, நான் விலங்கியல் படிக்கிறவ, அந்த இடத்துல நின்னு கேட்டப்பதான் பாடமே புரிஞ்சுச்சு.

அண்ணே, ஒங்களுக்கு எங்களைக் கூட்டிட்டுப் போறது கூடுதல் வேலை. நீங்க தனியா நடந்தா சீக்கிரம் முடியும். எங்க கூட்டம் பின்னாடி வந்தா கால் வலிக்குதுன்னு ஒருத்தர் உக்காருவாங்க, தண்ணி வேணும்பாங்க, நீங்க நிப்பீங்க. ஒரு தடவ கூட முகம் சுளிச்சதில்ல. குஞ்சு பொரிஞ்சு விடியக்காலைல கடலுக்கு விட்டப்ப எங்களை முன்னாடி நிப்பாட்டி நீங்க பின்னாடி போய் நின்னீங்க, எல்லா போட்டோலயும் நாங்கதான் இருக்கோம்.

இதே இடத்துல எங்க அப்பா அம்மாமாருக்கும் சொல்லணும், குறிப்பா பொம்பளப் புள்ளைங்களைப் பெத்தவங்களுக்கு. ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல கடற்கரையில நடக்கப் போறேன்னு ஒரு பொண்ணு வீட்டுல கேக்குறது நம்ம ஊர்ல லேசான விஷயம் இல்ல, எல்லாருக்கும் தெரியும். அனுமதிக் கடிதத்துல கையெழுத்து போட்டு குடுத்தீங்களே, சொந்தக்காரங்க கேட்ட கேள்விக்கெல்லாம் எங்களுக்குப் பதிலா நீங்க பதில் சொன்னீங்களே, அதுக்கு. என் கூட படிக்கிறவளோட அம்மா "நானும் வாரேன்"னு துண்டை தலையில கட்டிக்கிட்டு மூணு மணி வரைக்கும் எங்களோட நடந்தாங்க. அந்த அம்மா வந்ததுக்கப்புறம் அடுத்த வாரமே இன்னும் நெறைய வீட்டுல சரின்னு சொன்னாங்க. எங்க கூட வந்த மேடத்துக்கும், நேரம் கெட்ட நேரத்துல ஹாஸ்டல் கேட்டைத் திறந்துவிட்ட வாட்ச்மேன் தாத்தாவுக்கும் சேத்து நன்றி.

அடுத்தது முகாம் நடந்த ஊரு. மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவுல இருக்குற கடலோர ஊரு. நாங்க போகும்போது மரம் நடணும், பெயின்ட் அடிக்கணும், ஊர்வலம் போகணும்னு ஒரு பட்டியலோட போனோம். முத நாள் சாயங்காலம் சமுதாயக் கூடத்துல ஊர்க்காரங்க உக்காந்து எங்க பட்டியலை பொறுமையா கேட்டாங்க, கேட்டு முடிச்சு ஒரு அக்கா எழுந்து, "மரம் நடலாம் கண்ணு, தண்ணி யாரு ஊத்துறது, நாங்களே தள்ளுவண்டில குடம் வச்சு தள்ளிக்கிட்டு வாரோம், எங்களுக்கு இந்த விண்ணப்ப பாரத்தை எழுதிக் குடுங்க"ன்னு ஒரு பையை நீட்டுனாங்க. பை நெறைய ஆதார் ஜெராக்ஸ், பாஸ்புக், ரேஷன் கார்டு.

மீன்பிடி தடைக்காலம் நம்ம பக்கம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள். அந்த நாளுக்கு குடும்பத்துக்கு அரசாங்கம் குடுக்குற நிவாரணத்தை 2023ல நம்ம மண்டபத்துல நடந்த மீனவர் மாநாட்டுலதான் 5,000ல இருந்து 8,000மா ஏத்தி அறிவிச்சாங்க. ஆனா ஆதார்ல இனிஷியல் முன்னாடி, பாஸ்புக்ல பின்னாடி, ரேஷன் கார்டுல இனிஷியலே இல்லன்னு இருந்தா அந்த பணம் வராம நிக்கும். மீனவ மகளிர் சேமிப்புத் திட்டத்துல 1,500 ரூபா கட்டுனா அரசு பங்கோட சேத்து 4,500 திரும்ப வரும், அதுவும் இதே எழுத்துப் பிழையில நின்ன வீடு உண்டு. பெயின்ட் டப்பாவை ஓரமா வச்சுட்டு ஏழு நாள்ல பாதிக்கு மேல நாங்க செஞ்சது இந்த வேலைதான். எங்களுக்கு தமிழும் எழுத வரும், இங்கிலீஷும் எழுத வரும், போன்ல தேடவும் தெரியும், அவ்வளவுதான் எங்க தகுதி. இது சேவையான்னு நெனக்கிற ஜூனியர்ஸ் கண்டிப்பா இருப்பீங்க, என்னைக் கேட்டா நாங்க செஞ்சதுலயே உருப்படியான சேவை இதுதான்.

இந்த வேலை நடந்ததுக்கு ஊர்க்காரங்க எங்களை நம்புனதுதான் காரணம். யாருன்னே தெரியாத காலேஜ் பசங்க கையில ஆதாரையும் பாஸ்புக்கையும் குடுக்குறது சும்மா இல்ல, இந்தக் காலத்துல ஓ.டி.பி. கேட்டு ஏமாத்துறவங்க எத்தனை பேரு. அந்த அக்கா ஒவ்வொரு வீட்டுக்கும் எங்களோட வந்து வாசல்ல நின்னு "நம்ம புள்ளைக தான், குடுங்க"ன்னு சொன்ன ஒரு வார்த்தைக்குத்தான் பெட்டியே தொறந்துச்சு. அக்கா, அந்த வாரம் அமாவாசை ஒட்டுன நாளு, தண்ணி நல்லா வத்தி பாசி எடுக்கத் தோதா இருக்குற நாளு. மத்தவங்க எல்லாம் விரல்ல துணி சுத்தி கண்ணாடி மாட்டி கடலுக்குள்ள எறங்குனப்ப நீங்க எங்களோட வீடு வீடா அலைஞ்சீங்க. அந்தக் கூலியை யாரும் ஒங்களுக்கு திருப்பிக் குடுக்கல, நாங்க கேட்டதுக்கும் வாங்க மாட்டேன்னுட்டீங்க.

இ-சேவை மையம் வச்சிருக்கிற அண்ணன் முகாம் முடியிற வரைக்கும் ராத்திரி ஒம்பது பத்து மணி வரை கடையைப் பூட்டாம எங்களுக்காக வச்சிருந்தாரு, சர்வர் சுத்திக்கிட்டே இருக்கும், அவரும் உக்காந்தே இருப்பாரு. மீன்வளத்துறை ஆபீஸ்ல இருந்து வந்த மேடம் எந்த பாரத்துல எது தப்புன்னு எங்களுக்கு முன்னாடியே சொல்லிக் குடுத்ததால ரெண்டாவது தடவ அலையிற வேலை நெறைய பேருக்கு மிச்சமாச்சு.

சாப்பாடு. பள்ளிக்கூடத்துல தங்குனோம், சமையல் நாங்களே செய்யிறதா ஏற்பாடு, ஆனா மத்தியானம் ஆனா யாராவது ஒரு வீட்டுல இருந்து சட்டி வந்துரும். ஊளி மீன் கொழம்பு, நகரை வறுவல், ஒரு நாளு நண்டு. கறி சாப்பிடாத பொண்ணு ரெண்டு பேரு இருக்காங்கன்னு தெரிஞ்சு அவங்களுக்குன்னு தனியா முருங்கைக்கீரை பெரட்டி அனுப்புன பாட்டிக்கு அந்த ரெண்டு பேரும் தனியா நன்றி சொல்லச் சொன்னாங்க. டீக்கடை பாய் கணக்கே வைக்கல.

ராத்திரி ஆனா ஒரு ஐயா வந்து எங்களோட உக்காருவாக. 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியைப் புயல் அடிச்சப்ப அவுக சின்னப் பையன், ரயிலோட ஆளுக போன கதையை சொல்லும்போது கொரல் மாறிப்போகும். காத்து எந்தப் பக்கம் திரும்புனா என்ன, பாம்பன்ல எச்சரிக்கைக் கூண்டு ஏத்துனா முதல்ல எந்த வீட்டு ஆளை எழுப்பணும், நடக்க முடியாதவங்க எந்தத் தெருவுல இருக்காங்கன்னு அவுக சொல்லச் சொல்ல நாங்க எழுதி ஊராட்சியில ஒரு பிரதி குடுத்துட்டோம். ஐயா, ஒங்க ஒடம்பைப் பாத்துக்கங்க.

கடற்கரை சுத்தம் பண்ணுனது பத்தியும் கொஞ்சம். செப்டம்பர் மூணாவது சனிக்கிழமை உலகம் பூராவும் கடற்கரை சுத்தம் செய்யிற நாளு, எல்லா காலேஜும் போவாங்க, நாங்களும் போனோம். கையுறை, சாக்கு எல்லாம் நாங்க கொண்டு போனோம், அறிவு அங்க இருந்த அண்ணன்மாரும் பாசி அக்காமாரும் குடுத்தது. கரையில ஒதுங்கிக் கெடக்குற கடல்புல்லை அள்ளாதீங்க, அது குப்பை இல்ல, மண்ணு அரிக்காம புடிச்சு வைக்கிறதே அதுதான். பார்ல (கடலுக்கடியில இருக்குற பவளப்பாறைல) சிக்குன வலையை இழுத்தா பவளம் ஒடையும், தெரிஞ்ச ஆளு எறங்கி வெட்டித்தான் எடுக்கணும். தெர்மாகோலை முதல்ல பொறுக்குங்க, நொறுங்குனா அப்புறம் பொறுக்கவே முடியாது. தூத்துக்குடி வரைக்கும் 21 தீவு இருக்குற மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா நம்ம கண்ணு முன்னாடி இருக்கு, 1986ல அறிவிச்சது, அதோட கரையில வளந்த எங்களுக்கே இதை ஒருத்தர் சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்துச்சு.

ரத்ததான முகாமுக்கு வந்த நர்ஸ் அக்காவை விட்டுட்டு முடிக்க முடியாது. 18 வயசு ஆகியிருக்கணும், எடை 45 கிலோவுக்கு கொறையக்கூடாது, ஹீமோகுளோபின் 12.5 இருக்கணும். எங்க பொண்ணுங்க வரிசையில நெறைய பேரு அந்த 12.5ல நின்னுட்டாங்க, மொகம் தொங்கிப்போச்சு. அந்த அக்கா வீட்டுக்குப் போகாம அங்கயே நாற்காலியை வட்டமா போட்டு எங்களை உக்கார வச்சு ரத்தசோகை பத்தி, மாத்திரை எப்படி சாப்பிடணும், டீயோட சேத்து சாப்பிடக் கூடாதுன்னு எல்லாம் சொல்லி, மாசம் கழிச்சு மறுபடி ஹாஸ்டலுக்கு வந்து பாத்துட்டுப் போனாக. ரத்தம் குடுக்கப் போன எடத்துல எங்க ஒடம்பைக் கவனிச்ச மனசு அது.

அடுத்த வருஷம் சேரப்போற தம்பி தங்கச்சிங்களுக்கு ரெண்டு வார்த்தை. காந்தி நூற்றாண்டுல, 1969 செப்டம்பர் 24ல, 37 பல்கலைக்கழகத்துல 40,000 மாணவர்களோட ஆரம்பிச்ச திட்டம் இது, சர்டிபிகேட் நிச்சயம் கெடைக்கும், அதுக்காக சேந்தாலும் தப்பு சொல்ல மாட்டேன். ஆனா என்.எஸ்.எஸ். மட்டும்தான் வழின்னு நெனக்காதீங்க. யூத் ரெட் கிராஸ் இருக்கு, எச்.ஐ.வி. விழிப்புணர்வுக்கான செஞ்சுருள் சங்கம் இருக்கு, பார்வை இல்லாத மாணவர்களுக்கு பரிச்சையில அவங்க சொல்லச் சொல்ல எழுத ஆளு எப்பவும் தேவைப்படுது, கெடைக்காம தவிக்கிறாங்க. சாயல்குடி பக்கம் பனை விதை ஊனப் போகலாம், மழைக்கு முன்னாடி போகணும். எங்க போனாலும் முதல்ல அந்த ஊர்ல யாரையாவது பாத்து "என்ன வேணும்"னு கேளுங்க, உங்க பட்டியலை அப்புறம் எடுங்க. அப்படிக் கேட்டுட்டு வேலை செய்யிறவங்களோட நேரத்தையும் மதிச்சு, அவங்க கடலுக்குப் போற நாளு வார நாளு பாத்து உங்க நேரத்தை மாத்திக்கங்க.

ஊர்க்காரங்களுக்கு கடைசியா ஒன்னு. அடுத்த பேட்ச் முகாமும் ஒங்க ஊர்லயே வைக்கணும்னு நாங்க எல்லாரும் எழுதிக் குடுத்திருக்கோம். பாசி நாளு பாத்து தேதி வைக்கச் சொல்லியிருக்கோம். எழுத்துத் திருத்தம் முடியாம நின்ன பாரம் கொஞ்சம் இருக்குல்ல, அந்த பட்டியலை வீட்டு வாரியா எழுதி இ-சேவை அண்ணன்கிட்டயும் புதுசா வர்ற பசங்ககிட்டயும் ஒவ்வொரு பிரதி குடுத்துட்டோம், நாங்க உள்ளூர்ல இருக்குற சில பேரு ஞாயித்துக்கிழமையில வந்து கூட உக்காருவோம்.

மனசார நன்றியோட,
இந்த வருஷம் படிப்பு முடிச்சு வெளிய போற என்.எஸ்.எஸ். புள்ளைக எல்லாரு சார்பாவும் எழுதுனது