ஆசிரியர் வீட்டுச் சனிக்கிழமைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

என் மனைவி தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்பிக்கிறார். வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டால் உடனே ஆமாம் என்பார். வாழ்க்கை நிம்மதியாக இருக்கிறதா என்றால் யோசிப்பார்.

சிங்கப்பூரில் ஏப்ரல் தமிழ்மொழி மாதம். மாணவர்களைப் போட்டிகளுக்கு அழைத்துப் போவதிலேயே சனிக்கிழமைகள் கழிந்துவிடும். மனமாரத்தான் செய்கிறார். சென்ற ஏப்ரலில் அப்படி ஒரு நாள், எங்கள் மகள் காய்ச்சலோடு என் மடியில் படுத்திருந்தாள். வீடு திரும்பியவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டார். அடுத்த வாரம் முழுக்க, அவ்வளவு பிடித்த பள்ளிக்கே போக மனமில்லை என்றார்.

வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையிலான இந்த இழுபறியை ஆய்வாளர்கள் 1985லேயே மூன்றாகப் பிரித்தார்கள்: நேரம் போதாமை, ஓரிடத்துச் சோர்வு மற்ற இடத்துக்கும் வருவது, ஓரிடத்து நடத்தை மற்ற இடத்துக்குப் பொருந்தாமல் போவது. எங்கள் வீட்டில் இரண்டாவதுதான் கொடுமை.

சொந்தக் கைப்பேசி எண்ணை ஆசிரியர்கள் பெற்றோருக்குத் தர வேண்டியதில்லை, அவசரம் இல்லாவிட்டால் பள்ளி நேரத்துக்குப் பிறகு வரும் செய்திகளுக்குப் பதிலளிக்கவும் வேண்டியதில்லை என்று கல்வி அமைச்சு 2024 செப்டம்பரில் தெளிவாகச் சொன்னது. மிக நல்ல முடிவு. சரி, சாப்பாட்டு மேசையில் திருத்தக் காத்திருக்கும் பயிற்சித் தாள்களுக்கு என்ன வழி?

பல பள்ளிகளில் தமிழாசிரியர்கள் இரண்டு மூன்று பேர்தான். போட்டிக்காகச் சனிக்கிழமை வந்தவருக்கு, அடுத்த வாரத்தில் ஒரு பிற்பகலையாவது பள்ளிகள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியையின் கணவர்,
செங்காங்