தாத்தாவின் கட்டுமரமும் 17ஆம் கேள்வியும்: வினாத்தாள் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத் திறன் தேர்வு நடத்தும் மதிப்பிற்குரிய குழுவினருக்கு, வணக்கம்.

சாயல்குடிக்குத் தெற்கே, கடலோர ஊர் ஒன்றில் மாலை வகுப்பு நடத்தி வருகிறேன். நீங்கள் போன மாதம் நடத்திய தேர்வை என்னிடம் படிக்கும் 14 பிள்ளைகள் எழுதினார்கள். அது என்ன தேர்வு, எதற்காக நடத்துகிறீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நேராக 17ஆம் கேள்விக்கு வந்துவிடுகிறேன்.

'கேட்டமரான்' என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டிருந்தீர்கள். கொடுத்த விடைகள் நான்கு: இரட்டை உடல் கொண்ட படகு, சேர்த்துக் கட்டிய மரங்களால் ஆன மிதவை, ஒரு வகைப் பெரிய மீன், கலங்கரை விளக்கம். என் மாணவி ஒருத்தி இரண்டாவதைக் குறித்தாள். உங்கள் விடைக்குறிப்பில் முதலாவது இருந்தது. ஒரு மதிப்பெண் போயிற்று.

அவளுடைய தாத்தாவின் கட்டுமரம் இன்றைக்கும் அவர்கள் வீட்டு வேலியோரத்தில் கிடக்கிறது. ஃபைபர் படகு வந்த பிறகு அதற்கு வேலையில்லை. ஓடிய காலத்தில், கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப் போட்டுவிட்டு, அடுத்த முறை கடலுக்குப் போகும்போது மறுபடியும் சேர்த்துக் கட்டுவார்களாம். கயிறு அழுந்திய தடம் மரத்தில் விரல் நுழையும் ஆழத்துக்குப் பள்ளமாக இருக்கிறது. நானே தொட்டுப் பார்த்தேன். இப்போது அதன்மேல் பாயை விரித்துப் பாட்டி கருவாடு காய வைக்கிறார். 17ஆம் நூற்றாண்டிலேயே 'கட்டுமரம்' என்ற இந்தக் கரைகளின் சொல் 'கேட்டமரான்' ஆகி ஆங்கிலத்துக்குக் கப்பல் ஏறிவிட்டது. இரட்டை உடல் படகு என்ற பொருள் அதற்குப் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. நல்ல ஆங்கில அகராதி எதைப் புரட்டினாலும் இரண்டு பொருளும் இருக்கும். அதாவது, உங்கள் கேள்விக்கு இரண்டு விடைகள் சரி.

இதை அவளுக்கு விளக்கிச் சொன்னேன். "அப்படியென்றால் எனக்கு ஏன் தப்புப் போட்டார்கள், டீச்சர்?" என்று கேட்டாள். "சரி, அடுத்த கேள்வியைப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னதற்காக இன்றுவரை என்மீதே எனக்குக் கோபம் இருக்கிறது.

முறைப்படி மனு எழுதிப் போட்டேன். இரண்டே சொல்லில் பதில் வந்தது: "விடைக்குறிப்பே இறுதியானது." அதனால்தான் இந்த மடலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

என் கோரிக்கை ஒன்றுதான். வினாத்தாளை அச்சுக்கு அனுப்பும் முன், எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இருபது பேரிடம் கொடுத்து எழுதச் சொல்லிப் பாருங்கள். எழுதி முடித்த பிறகு, ஒவ்வொரு விடையையும் ஏன் குறித்தார்கள் என்று கேளுங்கள். தேர்வுக் கலை தெரிந்தவர்கள் உலகமெங்கும் செய்கிற காரியம்தான் இது. எந்தக் கேள்வி பழுது என்பதைப் பிள்ளைகளே காட்டிக்கொடுத்துவிடுவார்கள்.

வாசித்துப் புரிந்துகொள்ளும் பகுதியையும் அப்படிக் கொடுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அந்தப் பத்தியில் ஒரு சிறுவன் வீட்டுக்குள் ஓடி வருகிறான், ஜன்னலைத் திறக்கட்டுமா என்கிறான், அம்மா கூடாது என்கிறாள். ஏன் என்பது கேள்வி. வெளியே பனி கொட்டுகிறது என்று பத்தியில் ஓரிடத்திலும் இல்லை. ஹார்த், மிட்டன்ஸ், ஸ்லெட்ஜ் ஆகிய மூன்று சொற்களை வைத்து ஊகிக்க வேண்டுமாம். எங்கள் ஊரில் கணப்பும் கிடையாது, கம்பளிக் கையுறையும் கிடையாது, பனியில் சறுக்கும் வண்டியும் கிடையாது. வாடைக் காற்று அடிக்கும் மார்கழியில்கூடத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டால் போதும். என் மாணவன் ஒருவன் எழுதினான்: "பிகாஸ் மாஸ்கிட்டோஸ் வில் கம் இன்" (கொசு உள்ளே வந்துவிடும்). இலக்கணம் சரி, எழுத்துப் பிழை இல்லை, மாலையில் ஜன்னலைத் திறக்கக் கூடாது என்பதற்கு எங்கள் ஊரில் இதைவிட நல்ல காரணமும் இல்லை. மதிப்பெண் சுழியம்.

அவனுடைய ஆங்கிலத்தைச் சோதித்தீர்களா, அவன் எந்த நாட்டில் பிறந்தான் என்பதைச் சோதித்தீர்களா?

1988இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் பள்ளி மாணவர்களிடம் பேஸ்பால் ஆட்டம் பற்றிய பத்தி ஒன்றைப் படிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் மந்தம் என்று பெயர் வாங்கியிருந்தும் அந்த ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கக்கூடிய ஆனால் ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிட மேலாகச் செய்தார்கள். சொந்த மொழியிலேயே அப்படி என்றால், இரண்டாம் மொழியில் கேட்க வேண்டுமா? சொல்வளம் பற்றி ஆராய்ந்த நியூசிலாந்துக்காரர் பால் நேஷன், நூற்றுக்கு 98 சொற்கள் தெரிந்திருந்தால்தான் பிறர் துணையில்லாமல் ஒரு பத்தி பிடிபடும் என்று சொல்லி வருகிறார். உங்கள் பத்தியில் தெரியாத சொற்களை அடிக்கோடிடச் சொன்னேன். வகுப்பிலேயே நன்றாகப் படிக்கும் பிள்ளைகூட 19 சொற்களுக்குக் கோடு போட்டுக் கொடுத்தாள்.

எங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலமே தெரியாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அப்பாவின் படகில் இருக்கும் ஜி.பி.எஸ். கருவியை வாசித்துச் சொல்வதே அவர்கள்தான். கடலில் காற்றழுத்தத் தாழ்வு வந்தால் வானிலை அறிவிப்பில் ஒரு வரி தவறாமல் வரும்: "ஃபிஷர்மென் ஆர் அட்வைஸ்ட் நாட் டு வெஞ்சர் இன்டு த ஸீ" (மீனவர்கள் கடலுக்குள் போக வேண்டாம் என்று அறிவுறுத்தப்படுகிறார்கள்). இந்த ஒரு வரியில் செயப்பாட்டு வினை இருக்கிறது, எதிர்மறை இருக்கிறது, 'வெஞ்சர்' என்று லேசில் பிடிபடாத ஒரு சொல்லும் இருக்கிறது. எங்கள் ஊரில் ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் கேளுங்கள், பொருளோடு சொல்லும். யார் அறிவுறுத்துகிறார்கள் என்று அந்த வாக்கியத்தில் ஏன் இல்லை என்று ஒருநாள் வகுப்பில் கேட்டேன். "யார் சொன்னால் என்ன டீச்சர், போகக் கூடாது, அவ்வளவுதானே" என்றான் கொசுக்காரன். செயப்பாட்டு வினையை நான் வேறெப்படியும் இவ்வளவு சுருக்கமாக விளக்கியதில்லை. நீங்களோ "ராமன் மாம்பழம் தின்றான்" என்பதைத் திருப்பிப் போடச் சொல்லி ஐந்து மதிப்பெண் வைக்கிறீர்கள்.

வெளிநாட்டாருக்கென்று கேம்பிரிட்ஜ் 1913இல் முதன்முதலாக நடத்திய ஆங்கிலத் தேர்வை எழுதியவர்கள் மூன்று பேர். தேர்வு ஏறத்தாழ 12 மணி நேரம். மூன்று பேரும் தோற்றார்கள். அந்த மரபைக் காப்பாற்றும் பொறுப்பைத் தாங்கள் ஏற்றுக்கொண்டிருப்பதாகத் தெரிகிறது. ஆங்கிலத்தில் 'அட் ஸீ' என்றால் கடலில் இருப்பது என்று ஒரு பொருள், திக்குத் தெரியாமல் விழிப்பது என்று இன்னொரு பொருள். அன்று தேர்வறையில் பிள்ளைகள் இருந்தது இரண்டாவது கடலில். முதலாவதாக இருந்திருந்தால் கரை சேர்ந்திருப்பார்கள்.

பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஆங்கில ஆசிரியர் மாறுதலில் போய் ஒன்றரை ஆண்டு ஆகிறது. கணக்கு ஆசிரியர்தான் ஆங்கிலமும் எடுக்கிறார். பாவம், அவர் என்ன செய்வார். ஆளை அனுப்ப மாட்டார்கள், தேர்வை மட்டும் நாள் தவறாமல் அனுப்புவார்கள். முடிவு வந்ததும் கடலோரம் பின்தங்கிவிட்டது என்று ஓர் அறிக்கையும் வரும். ஆசிரியர் நியமனம் உங்கள் கையில் இல்லை என்பீர்கள். உண்மைதான். கேட்க வந்ததை விட்டு வேறெங்கோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும்.

பனியையும் கணப்பையும் பற்றிப் பிள்ளைகள் படிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வகுப்பில் படிக்கட்டும், படம் காட்டிச் சொல்லிக்கொடுக்கிறோம். மதிப்பெண்ணுக்கு வைக்கும்போது, பத்தியை வாசித்தால் கிடைக்கிற விடையாகக் கேளுங்கள். அடுத்த வினாத்தாளை அச்சுக்கு முன் இங்கே கொடுத்துப் பாருங்கள் என்று மறுபடியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். கீழக்கரையோ மூக்கையூரோ தொண்டியோ, உங்களுக்கு வசதியான ஊரைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம்; பெரும்பாலான விசைப்படகுக்காரர்கள் வீட்டில் இருப்பார்கள். பெற்றோரிடமும் பேச வேண்டுமானால் அந்த நாட்கள் தோதாக இருக்கும். வருகிறவர்களுக்குச் சாப்பாடு எங்கள் பொறுப்பு. 17ஆம் கேள்வியை எழுதியவரும் வந்தால் அந்தக் கட்டுமரத்தை நேரில் காட்டுகிறோம்.

மாணவியின் விடைத்தாள் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். அந்த ஒரு மதிப்பெண்ணையும் போட்டு அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
மாலை வகுப்பு ஆசிரியை