கோவை–ராமேஸ்வரம் இரவு ரயில் பொள்ளாச்சி வழியாக எப்போது?

ஆசிரியருக்கு வணக்கம்,

பாம்பனில் புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்ததில் இருந்து ராமேஸ்வரம் ரயில்களைப் பற்றி நிறையச் செய்தி வருகிறது, சந்தோஷம். ஆனால் மீட்டர் கேஜ் (குறுகிய தண்டவாளம்) காலத்தில் கோவையில் இருந்து பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல், மதுரை வழியாக ராமேஸ்வரம் போன ரயிலை எல்லோரும் மறந்தே விட்டார்கள். அகலப்பாதை வேலை என்று நிறுத்தினார்கள். திண்டுக்கல்–பழனி 2012-ல் முடிந்தது, பொள்ளாச்சி வரை 2015, போத்தனூர் வரை 2017, அப்புறம் மின்மயமும் ஆகிவிட்டது. வண்டி மட்டும் வரவில்லை.

இப்போது இருக்கிற கோவை–ராமேஸ்வரம் ரயில் வாரம் ஒருமுறைதான், அதுவும் ஈரோடு, கரூர், திருச்சி, காரைக்குடி என்று சுற்றிக்கொண்டு போகிறது. பொள்ளாச்சி வழியாகக் கோவையில் இருந்து மதுரை சுமார் 230 கிலோமீட்டர். ஈரோடு, கரூர் வழியாகப் போனால் 300.

சிக்கல் பொள்ளாச்சி ஜங்ஷனில் இருக்கிறது. திண்டுக்கல்லில் இருந்து வரும் பாதை அங்கே ஒன்று பாலக்காட்டுக்கும் இன்னொன்று போத்தனூர் வழியாகக் கோவைக்கும் பிரிகிறது. தினமும் ஓடுகிற அமிர்தா எக்ஸ்பிரஸ், சென்னை–பாலக்காடு எக்ஸ்பிரஸ் இரண்டுமே பாலக்காட்டுப் பக்கம் திரும்பிவிடுகின்றன. கோவைப் பக்கம் வருகிற இரவு வண்டி மேட்டுப்பாளையம்–தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், வாரம் இரண்டே நாள். அந்த வண்டிக்கு வழி இருக்கும்போது ராமேஸ்வரத்துக்கு மட்டும் ஏன் இல்லை? ஒற்றைப் பாதை என்பார்கள், சரி, ஆனால் ராத்திரியில் அந்தத் தடத்தில் எத்தனை வண்டி எதிரே வந்து கிராசிங் ஆகப்போகிறது? பெட்டிகளை நிறுத்தி அடியில் இறங்கிப் பராமரிக்கும் பள்ளப் பாதை (பிட் லைன்) போதவில்லை என்றால் போத்தனூரில் இடம் இருக்கிறது, அங்கே போடலாம்.

ரயில் இல்லாததால் ஜனங்கள் படும் பாட்டை மதுரையில் பார்க்க வேண்டும். கோவை பஸ் ஆரப்பாளையத்தில் இறக்கிவிடும், ராமேஸ்வரம் பஸ் கிளம்புவது மாட்டுத்தாவணியில். விடிகாலை மூன்று மணிக்கு வயசானவர்கள் துணிப் பையும், தீர்த்தம் பிடிக்க எடுத்து வந்த காலி கேனுமாக ஊரின் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிக்கு ஆட்டோ பேசிக்கொண்டு நிற்கிறார்கள். அமாவாசைக்குத் திதி கொடுக்கப் போகிறவர்கள் அவர்கள். இரவு எட்டு மணிக்குக் கோவையில் ஏறிப் படுத்தால் விடியும்போது ராமேஸ்வரத்தில் இறங்கி நேரே அக்னி தீர்த்தத்துக்கு நடந்து போய்விடலாமே.

தினசரி ரயில் உடனே முடியாது என்றால் ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் சிறப்பு ரயிலாக விடட்டும், டிக்கெட் எப்படிப் போகிறது என்று அவர்களே பார்க்கட்டும். கோவை, பொள்ளாச்சி, திண்டுக்கல் எம்.பி.க்கள் மூவரும் சேர்ந்து ரயில்வே அமைச்சரிடம் இதைக் கேட்க வேண்டும்.

வாசகர்,
போத்தனூர்