டிஸ்ட்ரோவின் பெயருக்குப் பின்னால் இருப்பவர்களைச் சொல்லுங்கள்: லினக்ஸை அறிமுகம் செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். லினக்ஸ் இயங்குதளத்தின் வழங்கல்களை (அதாவது டிஸ்ட்ரோக்களை, நிறுவத் தயாராகத் தொகுத்துத் தரப்படும் லினக்ஸ் வடிவங்களை) பற்றித் தமிழில் எழுதியும் காணொளி வெளியிட்டும் வரும் உங்களை நம்பித்தான் பல மாணவர்கள் முதன்முதலாகத் தங்கள் கணினியில் லினக்ஸை நிறுவுகிறார்கள். அந்த நம்பிக்கையின் பொருட்டே இந்த மடலை எழுதுகிறேன். ஒரு டிஸ்ட்ரோவை அறிமுகம் செய்யும்போது அதன் பெயர் எவ்வளவு பேசப்படுகிறது என்பதைச் சொல்வதோடு நிறுத்திவிடாமல், அதன் பொதிகளை (நிறுவுவதற்கேற்பக் கட்டித் தரப்படும் மென்பொருள்களை) யார் பராமரிக்கிறார்கள், பாதுகாப்புப் புதுப்பிப்புகள் எத்தனை ஆண்டுகளுக்கு வரும் என்பதையும் தவறாமல் சொல்ல வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

டிஸ்ட்ரோக்களைப் பட்டியலிடும் டிஸ்ட்ரோவாட்ச் இணையத்தளத்தின் தரவரிசையில் முதலிடம் என்பது பல அறிமுகங்களில் தரச்சான்று போலக் காட்டப்படுகிறது. அந்தத் தளத்தில் ஒரு டிஸ்ட்ரோவுக்குரிய பக்கம் நாளொன்றுக்கு எத்தனை முறை பார்க்கப்படுகிறது என்பதை மட்டுமே அந்த எண் குறிக்கிறது. பயன்பாட்டையோ தரத்தையோ அது அளப்பதில்லை என்று அந்தத் தளமே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. புதிய பெயர் ஒன்று காதில் விழுந்ததும் பலர் தேடிப் பார்க்க, எண் ஏறுகிறது. ஏறிய எண்ணைக் கண்டு ஒருவர் அறிமுகம் எழுத, அதைப் படித்தவர்கள் மீண்டும் அதே பக்கத்துக்குப் போகிறார்கள். எம்எக்ஸ் லினக்ஸ் என்ற டிஸ்ட்ரோ அந்தப் பட்டியலில் ஆண்டுக்கணக்கில் முதலிடத்தில் இருந்தது. அது நல்ல டிஸ்ட்ரோதான், ஐயமில்லை. ஆனால் அது டெபியன் என்ற மற்றொரு டிஸ்ட்ரோவின் நிலையான பதிப்பின் மேல் கட்டப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் புதியவருக்குப் படம் முழுமையாகும்.

ஒரு டிஸ்ட்ரோ எதன் மேல் கட்டப்பட்டது என்பதைக் கண்டறிவது கடினமான வேலை அன்று. லினக்ஸ் மின்ட் நிறுவிய கணினியில், /etc/apt/sources.list.d அடைவுக்குள் இருக்கும், பொதிக் களஞ்சியங்களை (பொதிகள் தரவிறக்கப்படும் சேமிப்பிடங்களை) குறிக்கும் கோப்பைத் திறந்து பாருங்கள். ஒரு வரி மின்ட்டின் சொந்தக் களஞ்சியத்தைக் காட்டும். மற்ற வரிகள், மின்ட்டுக்கு அடிப்படையான உபுண்டு டிஸ்ட்ரோவின் களஞ்சியத்தையும் அதன் பாதுகாப்புப் புதுப்பிப்புகளுக்கான களஞ்சியத்தையும் காட்டும். சின்னமன் டெஸ்க்டாப்பும் புதுப்பிப்பு மேலாளரும் மின்ட் குழுவின் உழைப்பு. அவற்றுக்காக அவர்களைப் பாராட்டுவது முற்றிலும் நியாயம். ஆனால் இயங்குதளத்தின் கருவான கெர்னலிலோ, இணையத் தொடர்பை மறையாக்கம் செய்ய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எல்லிலோ பாதுகாப்பு ஓட்டை கண்டறியப்பட்டால், அதை அடைத்த பொதி உபுண்டுவிடமிருந்தே வந்து சேர்கிறது. அந்த உபுண்டுவின் பொதிகளிலும் பெரும்பாலானவை, 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் திட்டத்தின் தன்னார்வலர்கள் பராமரிப்பவை. விளம்பரத்துக்கென நிறுவனம் எதுவும் இல்லாத அவர்களுடைய பெயர் நம் அறிமுகங்களில் ஒரு வரியாகவேனும் இடம்பெற வேண்டாமா?

இது நன்றி பாராட்டும் விஷயம் மட்டுமன்று, பயனருக்கு நேரடியாகப் பயன்படும் செய்தியும்கூட. நிறுவுவதற்குக் கடினமான ஆர்ச் லினக்ஸ் டிஸ்ட்ரோவை எளிதாக நிறுவித் தந்ததால் பேர்பெற்ற ஆன்டர்கோஸ் டிஸ்ட்ரோ, நேரம் ஒதுக்க இயலவில்லை என்று கூறி 2019 மே மாதத்தில் நின்றுபோனது. அதன் பொதிகளில் மிகப் பெரும்பகுதி ஆர்ச்சின் களஞ்சியங்களிலிருந்து நேரடியாக வந்துகொண்டிருந்ததால், ஏற்கெனவே நிறுவியிருந்தவர்களுக்குப் புதுப்பிப்புகள் தொடர்ந்து கிடைத்தன. இந்த அமைப்பை அறிந்திருந்தவர் பதறியிருக்க மாட்டார். பெயரை மட்டும் அறிந்தவர் எல்லாம் போயிற்று என்றே நினைத்திருப்பார்.

பெரிய நிறுவனம் பின்னால் நிற்கிறது என்பதும் தனியே போதுமான உறுதி ஆகாது. சர்வர் உலகில், ரெட் ஹாட் நிறுவனத்தின் ஆதரவில் இருந்த சென்ட்ஓஎஸ் டிஸ்ட்ரோ அளவுக்கு நம்பிக்கையைச் சம்பாதித்த பெயர்கள் குறைவு. 2019 செப்டம்பரில் வந்த சென்ட்ஓஎஸ் 8, 2029 வரை பராமரிக்கப்படும் என்று நம்பிப் பலர் அதற்கு மாறினார்கள். அது 2021 இறுதியோடு முடிந்துவிடும் என்ற அறிவிப்பு 2020 டிசம்பரில் வந்தது. அல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும் அந்த இடைவெளியை நிரப்பப் பிறந்தவை. வேகச் சோதனைகளில் தொடர்ந்து முன்னணியில் நின்று புகழப்பட்ட இன்டெலின் கிளியர் லினக்ஸுக்கோ அந்த ஓராண்டு அவகாசம்கூடக் கிடைக்கவில்லை. 2025 ஜூலையில் திட்டம் முடிந்தது என்று அறிவிக்கப்பட்டபோதே பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றன. மாறாக, பேட்ரிக் வோல்கர்டிங்கின் ஸ்லாக்வேர் எந்தப் பரபரப்பும் இன்றி 1993 முதல் தொடர்ந்து வருகிறது.

ஒரே குடும்பத்துக்குள்ளும் வேறுபாடு உண்டு. உபுண்டு 24.04-க்கு அடிப்படை ஆதரவு ஐந்து ஆண்டுகள். அதே பதிப்பில், வேறு டெஸ்க்டாப்புகளுடன் வரும் உபுண்டு வகைகளான குபுண்டுவுக்கும் சுபுண்டுவுக்கும் மூன்று ஆண்டுகள்தான். பழைய மடிக்கணினிக்கு சுபுண்டுவைப் பரிந்துரைக்கும்போது இந்த ஒரு வரி விடுபட்டால், ஆதரவு முடிந்த டெஸ்க்டாப்பை அது தெரியாமலேயே ஒரு மாணவர் பயன்படுத்திக்கொண்டிருப்பார்.

ஆகவே, அடுத்த அறிமுகத்தில் டெஸ்க்டாப் தோற்றத்தையும் வால்பேப்பரையும் காட்டுவதற்கு முன் களஞ்சியக் கோப்பைத் திரையில் திறந்து காட்டுங்கள். ஆதரவு முடியும் மாதத்தையும் ஆண்டையும் எழுத்தில் தாருங்கள். நின்றுபோன டிஸ்ட்ரோக்களைப் பற்றி நீங்கள் முன்பு வெளியிட்டவற்றின் தலைப்பிலேயே அது நின்றுபோன செய்தியைச் சேர்த்துவிடுங்கள்; தேடுபவர்கள் கண்ணில் அவை இன்னும் படுகின்றன, அவற்றை நம்பி நிறுவுபவர்களும் இருக்கிறார்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகர்களில் ஒருவர்